சீனி வந்த சனிக்கிழமை

எம்மென்டால் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பழைய பண்ணை வீட்டின் தொழுவத்துக்குள் நுழைந்ததும் முதலில் வரவேற்றது விசில் சத்தம். யாரோ கையிலிருந்த பையைச் சரசரக்க வைத்தார்கள்; அவ்வளவுதான், தொழுவத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் கீச்சொலி கிளம்பிவிட்டது. முன்பு மாடு கட்டிய இடம். இப்போது தாழ்ந்த பலகைகளால் தடுக்கப்பட்டு, ஒவ்வொரு தடுப்பிலும் காய்ந்த புல்லும் மரப்பெட்டிகளும் நான்கைந்து கினிப்பன்றிகளுமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆசை தீர்ந்ததும் கொண்டுவந்து விடப்பட்டவை சில. இரண்டும் பெட்டை என்று நம்பி வாங்கப்பட்டு, பிறகு குட்டிகளோடு வந்து சேர்ந்தவை சில. இந்த இடத்தைத் தன் சொந்தப் பொறுப்பில் நடத்துகிற அம்மையார் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டினார்.

நான் வந்தது என் தோழியோடும் அவளுடைய பன்னிரண்டு வயது மகளோடும். பேர்ண் நகரின் மேற்கே பெத்லகேம் என்ற பகுதியில், அடுக்குமாடி வீடொன்றில் இருக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு கினிப்பன்றிகள் உண்டு. ஓவோ பழுப்பு நிறத்தவன், காயடித்த ஆண். மிளகு கறுப்பும் சாம்பலும் கலந்த பெட்டை, ஐந்து வயது தாண்டியவள். கறுப்பி என்று மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். கடந்த குளிர்காலத்தில் இறந்துபோனாள். இரண்டு மிச்சம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று ரயிலில் தோழியிடம் கேட்டேன். பதில் மகளிடமிருந்து வந்தது.

"மிளகுவுக்கு வயசாயிட்டுது அன்ரி. அவளும் போனா ஓவோ தனிய நிப்பான். தனிய வச்சிருக்கக்கூடாது."

சட்டப்படியே கூடாது. சுவிஸ் விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2008 செப்டெம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தன. கூட்டமாக வாழும் விலங்குகளுக்குத் தம் இனத்துத் துணை இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதன்படி கினிப்பன்றியை ஒற்றையாக வளர்க்க முடியாது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாக அவ்வப்போது எழுதுகின்றன. எனக்கு இது வேடிக்கையாகத் தெரியவில்லை. ஜேர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் கினிப்பன்றிகளின் சமூக வாழ்க்கையை நெடுங்காலம் ஆராய்ந்தவர் நோர்பெர்ட் சாக்ஸர். அவரும் சகாக்களும் 1998இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இந்த விதிக்கு நல்ல விளக்கமாக இருக்கிறது. பழக்கமில்லாத கூட்டில் ஓர் ஆணைத் தனியே விட்டால் அதன் இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற அழுத்தச் சுரப்பு ஏறுகிறது. அதோடு பிணைப்புள்ள பெட்டையையும் சேர்த்து விட்டால் அந்த ஏற்றம் வெகுவாகக் குறைகிறது. முன்பின் அறியாத பெட்டையை விட்டால் அப்படிக் குறைவதில்லை.

ஆகவே எண்ணிக்கையை நிரப்பிவிட்டால் போதாது. சட்டம் இரண்டு உயிர்களை ஒரு கூட்டுக்குள் வைக்கச் சொல்லலாம். அவற்றுக்குள் உறவு உண்டாவது அவற்றின் கையில் இருக்கிறது. அந்த உறவு தொடங்கும் முதல் நாளைப் பார்க்கத்தான் நான் போனேன்.

அம்மையார் எங்களை உடனே விலங்குகளிடம் கூட்டிப்போகவில்லை. முதலில் விசாரணை நடந்தது. வீட்டில் இருப்பவை எத்தனை, என்ன வயது, யார் அதிகாரம் செய்கிறவள், கூட்டின் நீள அகலம் என்ன, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், முயல் ஏதும் உண்டா. கடைசிக் கேள்விக்கு மகள் இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது. முயலும் கினிப்பன்றியும் நல்ல சோடி என்ற நம்பிக்கை இங்கும் ஊறிப்போனது. முயலின் உதை கினிப்பன்றியின் எலும்பை முறிக்கும். முயலுக்கு நோய் காட்டாமல் அதன் மூக்கில் குடியிருக்கும் போர்டெடெல்லா கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவைக் கொடுத்துக் கொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது.

அவர் தேர்ந்து வைத்திருந்தது வெள்ளை உடம்பும் இளமஞ்சள் பிட்டமும் கொண்ட ஒன்றரை வயதுப் பெட்டை. சீனி என்ற பெயரை மகள் படத்தைப் பார்த்த அன்றே வைத்துவிட்டாள். குட்டியாக ஒன்றை எடுக்கலாமே என்று தோழி மெல்லக் கேட்டாள். அம்மையார் தலையசைத்து மறுத்தார். பெரியவர்களோடு வளர்ந்து, அவர்களிடம் அடங்கவும் ஒதுங்கவும் படித்த விலங்குதான் புதிய கூட்டத்தில் பிழைக்கும் என்பது அவருடைய அனுபவம். சாக்ஸரின் ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன: கூட்டத்தில் வளர்ந்த ஆண்கள் அந்நியர்களைச் சந்திக்கும்போது பெரும்பாலும் சண்டையில்லாமல் இடம் பிடிக்கின்றன, மூத்த ஆண்களோடு பழகாமல் வளர்ந்தவை மோதுகின்றன.

காயடித்த ஓர் ஆணும் இரண்டு பெட்டைகளும் என்ற சேர்க்கையும் காரணத்தோடுதான். அந்தீஸ் மலைப் புல்வெளிகளில் வாழும், கினிப்பன்றியின் காட்டு உறவான கேவிகள் ஓர் ஆண், சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்று சிறு கூட்டமாகவே இருக்கும். வீட்டுக் கினிப்பன்றியின் மூதாதை என்று மரபணு ஆய்வுகள் காட்டும் இனத்துக்குக் கேவியா சூடி என்று பெயர். 1838 முதல் பெருவில் சுற்றியலைந்த சுவிஸ் இயற்கையாளர் யோஹான் யாக்கோப் ஃபொன் சூடியின் பெயர் அது. அவர் கிளாருஸில் பிறந்தவர். நாங்கள் நின்ற தொழுவத்திலிருந்து பெரிய தூரமில்லை.

சீனியை மடியில் வைத்து அம்மையார் தலையிலிருந்து வால்பக்கம் வரை காட்டினார். கண்ணில் பீளை இல்லை, மூக்கு ஈரமில்லை, காதுக்குப் பின்னால் வழுக்கையோ செதிலோ இல்லை. தோலுக்குள் துளைக்கும் சிரங்கு உண்ணியும் படர்தாமரைப் பூஞ்சையும் புதிதாக வருகிறவர்களோடு சேர்ந்து வீட்டுக்குள் நுழைகிறவை. அதனால்தான் இரண்டு மூன்று வாரமாவது புதியதை வேறு அறையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சீனிக்கு அந்தக் காவல் இங்கேயே, இன்னொரு பெட்டையின் துணையோடு முடிந்திருந்தது. அவள் ஓர் ஆணோடு வந்தவள் என்பதால் பத்து வாரத்துக்கும் மேலாகப் பொறுத்திருந்தார்கள். கினிப்பன்றியின் சினைக்காலம் 59 முதல் 72 நாட்கள். அது கழிந்தால்தான் வயிற்றில் ஒன்றுமில்லை என்று துணிந்து சொல்லலாம். ஏழெட்டு மாதத்துக்கு மேல் முதல் தடவை ஈனும் பெட்டைக்கு இடுப்பெலும்பு இறுகிவிடுவதால் ஈற்றிலேயே உயிர் போகலாம். எனவே எது ஆண், எது பெட்டை என்று பார்ப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. விரல் நுனியால் அடிவயிற்றை மெல்ல அழுத்தி அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மகளுக்குக் காட்டிக்கொடுத்தார். ஆண் குட்டி மூன்று வார வயதிலேயே சினைப்படுத்தக்கூடும். வளர்ந்த ஆணைக் காயடித்த பிறகும் ஆறு வாரம் பெட்டைகளிடம் விடக்கூடாது. ஓவோவுக்குக் காயடித்து வருடங்கள் ஆகிவிட்டன.

மூடிய பெட்டியில் காய்ந்த புல்லும் ஒரு துண்டு வெள்ளரிக்காயும் வைத்து, மேலே துணி போர்த்திச் சீனியைக் கொண்டுவந்தோம். வழியில் மகள் ஒரு தடவைகூடத் துணியை விலக்கவில்லை.

வீட்டில் களம் தயாராக இருந்தது. வரவேற்பறையில் தளபாடங்களை ஓரங்கட்டி, நான்கு சதுர மீட்டர் அளவுக்குத் துவைத்த ஃப்ளீஸ் விரிப்பு போட்டு, சுற்றிவரத் தாழ்ந்த வேலி நிறுத்தியிருந்தார்கள். ஓவோவும் மிளகுவும் அதில் முன்பு கால் வைத்ததில்லை. இதுதான் முக்கியம். பழையவர்களின் மணம் ஏறிய கூட்டுக்குள் புதியவளை இறக்கினால் அவள் அத்துமீறி வந்தவளாகிவிடுவாள். உள்ளே காய்ந்த புல் நான்கு குவியலாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. மூன்று பேருக்கு நான்கு, யாரும் யாரையும் பட்டினி போட முடியாதபடி. அட்டைப்பெட்டி வீடுகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒரு வாசல் மட்டும் உள்ள வீட்டுக்குள் துரத்தப்பட்டவள் அகப்பட்டால் கடிபடுவதைத் தவிர வேறு வழியில்லை. வேலிக்கு வெளியே தடித்த துவாயும் ஒரு குப்பைவாரியும் வைத்திருந்தாள் மகள். உண்மையான சண்டை மூண்டால் வெறுங்கையை நடுவில் விடக்கூடாது. கினிப்பன்றியின் வெட்டுப்பல் விரலை ஆழமாகக் கிழிக்கும்.

சில நாட்களுக்குக் கம்பித் தடுப்பின் இரு பக்கமும் வைத்துப் பழக்கிய பிறகு சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. எம்மென்டால் அம்மையார் அதை விரும்பவில்லை. மணம் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, ஆனால் முகர்ந்து தீர்க்க முடியவில்லை; கம்பியைக் கடித்துக் கடித்து இரண்டு பக்கமும் கோபம்தான் வளர்கிறது என்றார். பார்த்தவரை எனக்கும் அவர் சொல்வதே சரியாகப் படுகிறது. பெரியவர்களைச் சேர்த்து வைக்க அகலமான புது நிலமும் ஒரு முழு நாளும் இருந்தால் தடுப்புக்குத் தேவை வராது. இடம் குறுகியவர்கள் தடுப்பை நாடுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

வீட்டிலிருந்த மகளின் அம்மம்மாவுக்கு இன்னொரு யோசனை இருந்தது. "மூண்டு பேரையும் குளிப்பாட்டி ஒரே பவுடரைப் போட்டு விடுங்கோவன். மணம் ஒண்டாயிடும். ஊரிலை தாய் இல்லாத ஆட்டுக்குட்டியை மற்ற ஆட்டோடை அப்பிடித்தானே சேர்க்கிறனாங்கள்." ஆடு வளர்த்தவரின் அறிவு அது, ஆட்டுக்குப் பொருந்தும். தாய் ஆடு தன் குட்டியின் மணம் என்று ஏமாந்து பால் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கே ஏமாற்றுவதற்கு ஒன்றுமில்லை. யார், ஆணா பெட்டையா, பயந்திருக்கிறாளா என்பதை எல்லாம் ஒருவர் மற்றவரின் மணத்திலிருந்துதான் அறிய வேண்டும். அதைக் கழுவிவிட்டால் குளிரும் நடுக்கமும்தான் மிஞ்சும். பேத்தி இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அம்மம்மா ஏற்றுக்கொண்டு கதிரையை வேலியோரம் இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

மூன்று பேரையும் ஒரே நேரத்தில் இறக்கினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சீனி அட்டைவீட்டுக்குள் நின்றாள். மற்ற இருவரும் விரிப்பை முகர்ந்துகொண்டு சுவரோரமாகச் சுற்றினார்கள். ஓவோதான் முதலில் கண்டுகொண்டான். மூக்கோடு மூக்கு, பிறகு காது, பிறகு பின்பக்கம். உடனே இடுப்பை இடமும் வலமும் ஆட்டியபடி, அடித்தொண்டையிலிருந்து ஓர் அதிரும் உறுமலோடு அவளைச் சுற்றி நடக்கத் தொடங்கினான். காயடித்த பிறகும் இந்த நடை போவதில்லை. சீனி இரண்டடி முன்னால் போய், பின்பக்கத்தைத் தூக்கி, அவன் முகத்திலேயே மூத்திரத்தைப் பீய்ச்சினாள். போதும், தள்ளி நில் என்பதைப் பெட்டைகள் இப்படித்தான் தெரிவிக்கின்றன. ஓவோ முகத்தைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றான்.

மிளகு வந்தபோது காற்றே மாறியது. கழுத்து மயிர் சிலிர்த்து நின்றது. பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி, தன்னைப் பெரிதாகக் காட்டினாள். பற்களின் நறநறப்பு வேலிக்கு வெளியே எங்களுக்கே கேட்டது. இருவரும் எதிரெதிரே நின்று மூக்கை மேலே தூக்கினார்கள். யார் மூக்கு உயர்ந்திருக்கிறது, யார் முதலில் தாழ்த்துகிறார் என்பதுதான் அங்கே வழக்கு. சீனி தாழ்த்தவில்லை. மிளகு பாய்ந்தாள். வெள்ளை உடம்பு அட்டைவீட்டின் ஒரு வாசலால் புகுந்து மறு வாசலால் வெளியே வந்தது, பின்னாலேயே மிளகு. சீனி வீரிட்டுக் கத்தினாள். யாரையோ கொல்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைக்கக்கூடிய கத்தல்.

தோழி எழுந்துவிட்டாள். "பிரிப்பமே?"

"இல்லை அம்மா. ரத்தம் இல்லை. இருங்கோ."

சேர்த்துவைக்கும் முயற்சிகளில் பல தோற்பது இந்த இடத்தில்தான். கத்தல் பயங்கரமாகக் கேட்கும், ஆனால் கத்துகிறவள் அடங்குகிறவள். அடங்குகிறேன் என்று சொல்கிறாள். மனிதர் இரக்கப்பட்டு அவளைத் தூக்கிவிட்டால் வழக்கு பாதியில் நிற்கும். மறுநாள் இறக்கும்போது மூக்கு உயர்த்தலிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கும், முன்னிலும் கடுமையாக. துரத்தல், நறநறப்பு, கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து பல்லைக் காட்டுதல், ஒன்றின் மேல் ஒன்று ஏறுதல், மயிர்க்கற்றை ஒன்றிரண்டு பறத்தல் எல்லாம் வரிசை தீர்மானிக்கும் வேலை, விட்டுவிட வேண்டியவை. கடி பட்டு இரத்தம் வந்தாலும், இருவரும் ஒன்றையொன்று கவ்விப் பந்துபோல் உருண்டாலும் உடனே துவாயைப் போட்டுப் பிரிக்க வேண்டும். ஒருத்தி மூலையில் ஒடுங்கி, புல்லையும் தொடாமல் கிடந்தால் அதுவும் பிரிக்க வேண்டிய அறிகுறி. ஓசையில்லாமல் நடப்பதால் பலர் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

மிளகு சீனியின் முதுகில் ஏறியபோது அம்மம்மா புருவத்தை உயர்த்தினார். "அதுவும் பெட்டை, இதுவும் பெட்டையல்லோ பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். யார் பெரியவள் என்று காட்டுகிறாள் என்றேன். "ஓ, மாமியார்" என்றார் அவர், முழு மரியாதையோடு.

பிறகு சட்டென்று ஓய்ந்தது. மூவரும் மூன்று குவியலில் புல் தின்னத் தொடங்கினார்கள். தின்கிற சத்தம் கேட்டதும் மகள் முதல்முறையாக முதுகைச் சாய்த்தாள். பயந்து நடுங்கும் கினிப்பன்றி தின்னாது. அதன் குடல் ஒரு நாள் வெறுமையாக நின்றாலே உயிருக்கு ஆபத்து. எனவே கூட்டம் தின்கிறதா என்பதுதான் அன்று முழுவதும் பார்க்க வேண்டிய முதல் விஷயம். நண்பகலுக்குப் பிறகு இரண்டாம் சுற்று வந்தது, முதலாவதைவிட உரத்து. விரிப்பில் வெள்ளை மயிர் கிடந்தது. சீனியின் தோலை மகள் வெளிச்சத்தில் பார்க்க விரும்பினாள், ஆனால் அவளைத் தூக்கவில்லை. வேலிக்கு மேலால் குனிந்து நெடுநேரம் உற்றுப்பார்த்தாள். காயம் இல்லை. இந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு இருந்த அந்த மணித்தியாலங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். தூக்கி அணைப்பது எளிது. தரையை ஒழுங்காக அமைத்துக் கொடுத்துவிட்டு விலகியிருப்பதற்கு அன்பு இன்னும் அதிகமாக வேண்டியிருக்கிறது.

மாலையில் சீனி மூக்கைத் தாழ்த்தினாள். மிளகு அருகில் வரும்போது ஓடாமல், தலையை ஒரு பக்கம் திருப்பி வழிவிட்டாள். அதன்பின் மிளகு அவளைத் துரத்துவது நான்கடியோடு நின்றது. ஓவோ கால்களை நீட்டிப் படுத்தான்.

சேர்ந்துவிட்டார்கள் என்று பழைய கூட்டுக்குள் அப்படியே விட முடியாது. அங்கே ஒவ்வோர் அங்குலத்திலும் மிளகுவின் மணம் இருக்கிறது. தோழியும் நானும் விரிப்பை எல்லாம் அகற்றி, பலகைகளையும் வீடுகளையும் வினாகிரி கலந்த வெந்நீரால் துடைத்து, எல்லாவற்றின் இடத்தையும் மாற்றி வைத்தோம். ஒற்றை வாசல் மரவீடு பரணுக்குப் போனது. தண்ணீர்ப் போத்தல் இரண்டு, எதிரெதிர்ப் பக்கம். இரவுச் சாப்பாட்டை ஒரே கிண்ணத்தில் வைக்காமல் கூடெங்கும் தூவினாள் மகள்: கொத்தமல்லித்தழை, வெள்ளரி, நிறையக் குடைமிளகாய். மனிதரைப்போலவே கினிப்பன்றியின் உடம்பும் வைட்டமின் சி உண்டாக்கிக்கொள்ளாது. 1907இல் நோர்வேயின் ஹோல்ஸ்ட், ஃப்ரேலிக் இருவரும் தானியத் தீனி மட்டும் கொடுத்த கினிப்பன்றிகளில் ஸ்கர்வி நோயைக் கண்டதுதான் அந்த வைட்டமினைத் தேடும் வழியைத் திறந்தது. இடமாற்றமும் பயமும் உள்ள நாட்களில் அதற்குக் குறை வைக்கவே கூடாது. அன்று இரவு மகள் கூட்டுக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுப் படுத்தாள்.

வரிசை முற்றாக நிலைபெற இரண்டு வாரம்வரை ஆகலாம். இதற்குள் நம்பிக்கையாகப் பேசக்கூடியது தராசு ஒன்றுதான். சமையலறைத் தராசில் காலையில் தீனிக்கு முன் நிறுத்து, கொப்பியில் எழுதுகிறாள். 50 கிராமுக்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் போவது என்று முடிவு. பின்னொரு நாள் நான் போனபோது கொப்பியை வாங்கிப் பார்த்தேன். சீனி முதல் நாட்களில் 910இலிருந்து 885க்கு இறங்கி, அந்த வாரமே ஏறத் தொடங்கியிருந்தாள். மிளகு ஒரு கிராமும் இழக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறந்ததும் இப்போது மூன்று விசில் கேட்கிறது, தொடங்குகிறவள் சீனி.

மிளகு போன பிறகு ஓவோவும் சீனியும், ஓவோ போன பிறகு சீனி மட்டும் என்று ஒரு நாள் வரும். அப்போது மறுபடி ஒரு புதியவரைக் கொண்டுவருவதா என்று தோழிக்குக் கவலை இருந்தது. மகளும் அதற்குள் பெரியவளாகிவிடுவாள். கடைசியாக மிஞ்சும் ஒன்றுக்குக் கொஞ்சக் காலத்துக்கு மட்டும் துணை விலங்கைக் கொடுத்து, பிறகு திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு சுவிஸில் சிலரிடம் உண்டு. எம்மென்டால் அம்மையார் அன்றே கையெழுத்து வாங்கிய தாளில் இதற்கும் ஒரு பிரிவு இருந்தது: சீனி தனியே நிற்கும் நிலை வந்தால் அவளை விற்கவோ வேறு யாருக்கும் கொடுக்கவோ முடியாது; அவள் மறுபடி அந்தத் தொழுவத்துக்கே போக வேண்டும். தோழி அந்தத் தாளை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.